25 கெஜக் கோட்டில் எங்கள் வேலை

ஹாக்கியில் ஃபுல்பேக் என்றால் நம் கோலுக்கு முன்னால் மதில்போல் நின்று, வருகிற பந்தை அடித்து விரட்டுபவள் என்றே தோழிகள் பலரும் எண்ணுகிறார்கள். நாங்களும் ஒன்பதாம் வகுப்பு வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். பள்ளி அணியில் வலப்புறமும் இடப்புறமும் காவல் நிற்பவர்கள் நாங்கள் இருவர். நம் ஃபார்வர்டுகள் எதிர்க் கோலை முற்றுகையிடும் நேரத்தில் நடுக்கோட்டருகே இடுப்பில் கை வைத்து நின்று கதை பேசுவோம். (எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை இதைப் படித்தால் இப்போது சிரிப்பார்கள்; அன்று சிரிக்கவில்லை.)

சென்ற ஆண்டுப் போட்டியில் ஒரு கோலில் தோற்றோம். பிற்பாதி முழுவதும் பந்து எதிரணியின் பக்கமே இருந்தது. ஆனால் அவர்கள் வெளியே அடித்த பந்தெல்லாம் 25 கெஜக் கோட்டைத் தாண்டி, ஆளில்லாத இடத்தில் உருண்டு போயிற்று. நாங்கள் ஓடி எடுப்பதற்குள் அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் நாங்கள் இருவருமே முன்னே பாய்ந்தோம். ஒரே ஒரு நீண்ட அடி. பந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்க் கோலாயிற்று. பேருந்தில் திரும்பும்போது எங்கள் கோல்கீப்பர் எங்களோடு பேசவே இல்லை.

மறு திங்கட்கிழமை ஆசிரியை எங்கள் இருவரையும் அழைத்து, எதிர்ப்பக்கத்து 25 கெஜக் கோட்டைச் சுண்ணாம்புத் தூளால் தடிப்பாகப் போடச் சொன்னார்கள். விதிப் புத்தகத்தில் இப்போது அது 23 மீட்டர்க் கோடு. "நம் அணி உள்ளே இருக்கும்போது உங்கள் வீடு இதுதான்" என்றார்கள்.

குளிர் நாடுகளில் பனிக்கட்டித் தரைமேல் ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பற்றியும் அன்றுதான் கேட்டோம். அங்கே இதைப் போன்ற இடத்தில் ஒரு நீலக் கோடு உண்டு. பந்துக்குப் பதிலாக அவர்கள் ஆடும் வட்டத் தட்டு அக்கோட்டைத் தாண்டி வெளியேறிவிட்டால், தாக்கும் அணியினர் அனைவரும் வெளியே வந்த பிறகே மறுபடி தாக்கலாம். ஆகவே காவல் வீரர்கள் கோட்டின்மேலேயே நின்று தட்டை வெளியே விடாமல் காக்கிறார்கள். அங்கிருந்தே கோலுக்கும் வழி செய்கிறார்கள். கனடாவின் பாபி ஓர் காவல் வீரராக இருந்துகொண்டே 1969-70 பருவத்திலும் 1974-75 பருவத்திலும் தேசிய ஹாக்கி லீகின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். நம் ஆட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை. ஆஃப்சைடு விதிகூட 1990களில் நீக்கப்பட்டது. ஆயினும் பந்தை அங்கேயே நிறுத்திவைத்தால் எதிரணிக்கு ஓய்வு கிடைக்காது என்பது இரண்டுக்கும் பொது.

முதல் பாடம் பந்தை நிறுத்துவது. இதற்கே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. முற்காலத்தில் ஹாக்கிப் பந்து தோல் போர்த்தித் தைத்ததாக இருந்ததாம். தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே வாழும் நமக்கு அது பிடித்த செய்திதான். இப்போதைய பிளாஸ்டிக் பந்தோ நம் சரளைத் தரையில் தவளைபோல் துள்ளுகிறது. மட்டையைத் தாழ்த்திப் பிடிக்காவிட்டால் முழங்காலுக்கு ஆபத்து. பந்து வருமுன்பே தலையைத் திருப்பி, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு முறை பார்த்துவிட வேண்டும்.

அடுத்ததுதான் எங்களுக்குக் கடினமாயிருந்தது. பந்து கிடைத்ததும் கோலை நோக்கி ஓங்கி அடிக்கவே கை துடிக்கும். ஆனால் கோல் வட்டத்தின் ஆரம் 14.63 மீட்டர். வட்டத்துக்குள் நம் அணியில் ஒருத்தியின் மட்டையாவது படாமல் வெளியிலிருந்து நேரே போகும் பந்து கோலே ஆகாது. எனவே கோலைப் பார்க்காமல் தோழியின் மட்டையைப் பார்த்து, தரையோடு தரையாக அடிக்க வேண்டும். அவள் தொட்டுத் திருப்பினால் போதும். எதிரே ஒருத்தி ஓடிவந்து மறைத்தால், கோட்டை ஒட்டியே பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி நகர வேண்டும். அவள் தடுமாறும் நேரத்தில் வழி திறக்கும். திறக்காவிட்டால் பந்து மறுபுறத்து ஃபுல்பேக்குக்கு. எதிராளியின் காலில் பட்டுப் பெனால்டி கார்னர் கிடைப்பதும் உண்டு. ஆனால் காலைக் குறிவைத்து அடிக்கக் கூடாது என்பது ஆசிரியையின் கண்டிப்பான சொல்.

ஒருத்தி முன்னேறினால் மற்றவள் பின்தங்க வேண்டும், சென்டர் ஹாஃப் இறங்கி வர வேண்டும். அன்று தோற்றது இதனால்தான்.

பெனால்டி கார்னரில் ஃபுல்பேக்குகளின் புகழ் எல்லோரும் அறிந்ததே. 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னை எழும்பூர் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, மலேசியாவை 4-3 என்று வென்றது. அந்த நான்கில் ஜுக்ராஜ் சிங், ஹர்மன்பிரீத் சிங் என்ற இரு காவல் வீரர்களும் ஆளுக்கொன்று போட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 2 அன்று ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி நம் பெண்கள் முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றபோது, அந்த ஒரே கோலைப் போட்ட குர்ஜித் கவுரும் எங்களைப் போல் ஃபுல்பேக்தான்! அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான், "பெண் பிள்ளைக்குக் காவல் போதாதா, தாக்குதல் எதற்கு?" என்று கேட்ட எங்களில் ஒருத்தியின் பாட்டி வாய் மூடினார்.

இவ்வாண்டு நாங்கள் கோல் எதுவும் போடவில்லை. ஆனால் கோட்டிலிருந்து நாங்கள் அனுப்பிய பந்தில் ஃபார்வர்டுகள் மூன்று கோல் போட்டார்கள். கோல்கீப்பர் இப்போது பேசுகிறாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு இல்லை. சுண்ணாம்புத் தூள் டப்பா விளையாட்டு அறையில் வலைக்குப் பின்னால் இருக்கிறது. மழை பெய்தால் கோடு அழிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் மறுபடி போட்டுக்கொள்ளவும்.

— பத்தாம் வகுப்பு மாணவி