போலிக் கட்டி வைத்து மெஷினுக்குப் பரீட்சை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பைப் வெல்டிங் வேலை தெரிந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கும்போது, மெல்லிய கம்பிகள் பதித்த ஒரு சிறிய பட்டையை அதன் மேல் வைப்பார்கள். குறிப்பிட்ட கம்பி படத்தில் தெரிந்தால்தான் படம் செல்லும். கம்பியே தெரியாத படத்தை நம்பி விரிசல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மார்பகப் புற்றுநோயைத் தேடும் டிஜிட்டல் மேமோகிராம் மெஷினிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஆனால் மெஷின்களை ஒப்பிட ஒரே பெண்ணைத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்க முடியாது, கதிர்வீச்சு கூடும். பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பேரில் சிலருக்குத்தான் நோய் இருக்கும். அதுவும் பயாப்ஸிக்குப் பிறகே உறுதியாகும். எனவே நோயில்லாத படத்தில் கம்ப்யூட்டரே ஒரு கட்டியை உருவாக்கிச் சேர்க்கிறது. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பது நமக்கு முன்பே தெரியும். டாக்டர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்து மெஷினுக்கு மார்க் போடலாம்.

பெயிண்டில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இலவச சாஃப்ட்வேரான கிம்ப் இருந்தால் நீங்களே பார்க்கலாம். சாம்பல் நிறப் பின்னணியில் சற்றே வெளுத்த வட்டம் ஒன்றை வரையுங்கள். பளிச்சென்று தெரியும். ஃபில்டர்ஸ் மெனுவில் காஸியன் ப்ளர் கொடுங்கள், விளிம்பு கரையும். அடுத்து ஆர்ஜிபி நாய்ஸ் கொடுத்து (இண்டிபெண்டன்ட் ஆர்ஜிபி டிக்கை எடுத்துவிடுங்கள்) அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் வட்டம் எங்கே என்று நீங்களே தேடுவீர்கள்.

நிஜ மெஷினும் இப்படித்தான் படத்தை மங்க வைத்து, பொரிபொரியாக்குகிறது. போலிக் கட்டியும் அதே மங்கலுக்கும் நாய்ஸுக்கும் உட்பட வேண்டும். இல்லாவிட்டால் அது எளிதில் கண்ணில் பட்டு, சுமாரான மெஷினும் பாஸாகிவிடும். கடைசியில் ஒரு பெண்ணின் நிஜக் கட்டி தப்பிப்போகும். அதனால்தான் நிஜத்தையும் போலியையும் கலந்து டாக்டர்களிடம் காட்டி, பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். அவர்கள் திணறினால்தான் போலி பாஸ்!

(ஸ்கேன் சென்டரில் தரும் சி.டி.யை வீட்டில் போட்டுப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். 14 பிட் படத்தில் 16,384 சாம்பல் நிலைகள் உண்டு. சாதாரண 8 பிட் மானிட்டர் காட்டுவது 256தான்.)

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2018-ல் வெளியான வி.ஐ.சி.டி.ஆர்.இ. ஆய்வில் கட்டி மட்டுமல்ல, 2,986 நோயாளிகளும் கம்ப்யூட்டர் உருவாக்கியவர்கள். எக்ஸ்ரே எடுத்ததும் சாஃப்ட்வேர், படத்தைப் பார்த்ததும் சாஃப்ட்வேர்! சாதாரண டிஜிட்டல் மேமோகிராமைவிட, பல கோணங்களில் எடுத்து அடுக்கடுக்காகக் காட்டும் டோமோசிந்தஸிஸ் மேல் என்று முடிவு வந்தது. நிஜப் பெண்களையும் டாக்டர்களையும் வைத்து முன்பு நடந்த ஆய்வின் முடிவும் அதுவே. இந்த ஒற்றுமைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. வெறும் கம்ப்யூட்டர் கணக்கு என்றால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இதன் சோர்ஸ் கோடை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரே கணக்கைப் போட நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதிதாக வாங்கிய வீட்டு பி.சி.க்கு இப்போதைக்கு கிம்ப் வட்டமே போதும்.