மழையில் டெண்ட்: ஒழுகலா, வியர்வையா?

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை. கடை திறந்ததும் ஒருவர் ஈர டெண்டை அரைகுறையாகச் சுருட்டிக்கொண்டு வந்து மேஜை மேல் போடுகிறார். "கொடைக்கானல்ல ராத்திரி பூரா ஒழுகிடுச்சுங்க. குழந்தைங்க எல்லாம் நனைஞ்சிட்டாங்க. பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்கிறார். பயணப் பொருட்கள் விற்கும் நம் வணிகர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பணத்தைக் கொடுத்தால் சரக்கு நஷ்டம். மறுத்தால் வாடிக்கையாளர் நஷ்டம். டெண்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் பல சமயம் இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்கலாம்.

நம் பக்கத்தில் காலாண்டு விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும் மழைக்காலத்தை ஒட்டியே வருகின்றன. வெயிலில் கடைக்கு வந்து டெண்டைப் பார்த்து வாங்குகிறவர், அதை மலையில் மழையில்தான் முதன்முதலாக விரிக்கிறார்.

இன்று அதிகம் கேட்கப்படுவது சுலபமாக நிறுத்தும் குடும்ப டெண்டுதான். பையிலிருந்து எடுத்து வீசினால் தானே விரிவது ஒரு வகை. பிரான்ஸின் டெகாத்லான் நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த 'இரண்டு வினாடி' டெண்ட் இதைப் பிரபலமாக்கியது. உச்சியில் குடை போன்ற மூட்டு வைத்து, கயிற்றை இழுத்தால் கம்பிகள் நிமிர்வது இன்னொன்று. கம்பிகள் துணியோடு முன்பே கோக்கப்பட்டு, கால்களை நீட்டிப் பூட்டுவது மூன்றாவது. மழைக்கு இவற்றில் ஒரு நல்ல வசதி உண்டு. சாதாரண டெண்டுகள் பலவற்றில் உள்துணியை முதலில் நிறுத்தி, அதன் மேல் மழைத்துணியைப் போர்த்த வேண்டும். அதற்குள் உள்ளே நனைந்துவிடும். உள்துணியும் வெளித்துணியும் சேர்ந்தே எழும்பும் டெண்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுலப வகையிலும் சிலவற்றுக்கு மழைத்துணி தனியாகத்தான் வருகிறது. கொள்முதல் செய்யும்போதே மொத்த வியாபாரியிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் திங்கட்கிழமைப் புகாருக்கு வருவோம். மலையில் இரவில் வெளிக்காற்று குளிர்கிறது. டெண்டின் துணியும் குளிர்கிறது. உள்ளே நாலு பேர் தூங்குகிறார்கள். ஓர் இரவில் ஓர் ஆளின் மூச்சிலும் தோலிலும் வெளியேறும் நீராவி சுமார் கால் லிட்டர் தண்ணீருக்குச் சமம். நாலு பேருக்கு ஒரு லிட்டர். ஈரச் சட்டையும் நனைந்த துண்டும் உள்ளே கிடந்தால் இன்னும் கூடும். இந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் நிற்பதைப் போலத்தான். காற்று அடித்துத் துணி ஆடும்போது அந்தத் துளிகள் படுத்திருப்பவர் மேல் விழுகின்றன. மழை உள்ளே வந்துவிட்டது என்று அவர் இருக்கிற காற்றுத் துவாரத்தையும் அடைக்கிறார். நிலைமை இன்னும் மோசமாகிறது. துவாரத்தைத் திறந்து வைத்திருந்தால் பெரும் பகுதி ஆவி வெளியே போயிருக்கும். மழைச் சாரல் உள்ளே வராதபடி துவாரத்துக்கு மேல் சிறு கூரை தைக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான்.

ஆகவே புகார் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். "எந்த இடத்தில் ஈரம் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கூரையின் உட்புறம் முழுக்க ஒரே சீராக நனைந்திருந்தால் அது வியர்வையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தையல் ஓரமாக ஒரே கோடு, ஜிப்புக்குக் கீழே ஒரு குட்டை, தரையில் ஒரு மூலை மட்டும் என்றால் அது ஒழுகல். சந்தேகம் இருந்தால் டெண்டைக் காயவைத்து, கடையின் பின்கட்டிலோ மொட்டை மாடியிலோ நிறுத்தி, கயிறுகளை இழுத்துக் கட்டி, உள்ளே யாரும் இல்லாமல் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரை மேலிருந்து பொழியவிட்டு, உட்புறத்தைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். வாடிக்கையாளரை உடன் வைத்துக்கொண்டே செய்யுங்கள். காகிதம் நனைந்தால் குறை பொருளில் இருக்கிறது. பேச்சு வளர்க்காமல் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ஒற்றைத் துணி டெண்டுகளில் வியர்வைத் தொல்லை மிக அதிகம். விலை குறைவு என்பதால் கேட்பவர் உண்டு. கடற்கரையில் பகல் நிழலுக்கு அது போதும். மலை மழைக்கு என்று கேட்கிறவரிடம் அதைத் தள்ளிவிடுவது நாமே புகாரை விலைக்கு வாங்குவதாகும்.

பையின் மேல் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். 1500 என்றால், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏற்படும் அழுத்தம் வரை அந்தத் துணி கசியாமல் தாங்கும் என்று பொருள். கூரைக்கும் தரைக்கும் தனித்தனி எண் கேளுங்கள். ஈரத் தரையில் முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் அதிகம் என்பதால் தரைக்குப் பெரிய எண் தேவை. இன்னொன்று: அந்த எண் துணிக்கு மட்டுமே. தையலின் ஊசித் துளைகளுக்கு அது பேசாது. உட்புறத் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா, எங்காவது உரிந்திருக்கிறதா என்று சரக்கு இறங்கியவுடன் ஒன்றிரண்டைப் பிரித்துப் பாருங்கள்.

உள்ளேயிருந்து துணியைத் தொட்டால் ஒழுகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பருத்திக் கான்வாஸ் காலத்துப் பேச்சு அது, அன்றைக்கு உண்மைதான். பூச்சுள்ள பாலியஸ்டருக்கு அது பொருந்தாது. ஆனால் உள்துணி வெளித்துணியோடு ஒட்டிக்கொண்டால், வெளித்துணியில் நிற்கும் வியர்வை உள்ளே இறங்கும். இங்கேதான் 'சுலபம்' என்ற சொல்லே நமக்கு எதிரியாகிறது. வீசினால் டெண்ட் நின்றுவிடுகிறது. எனவே கயிறும் முளையும் பையிலேயே கிடக்கின்றன. கயிறு கட்டாத டெண்டில் துணி தொய்ந்து, இரண்டு துணியும் ஒட்டி, கூரைக் குழியில் மழைநீர் தேங்குகிறது. நிற்பது இரண்டு வினாடி, கட்டுவது பத்து நிமிடம் என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள். மழையில் இளகிய மண்ணில் சிறு கம்பி முளை நிற்காது. நீளமானவற்றைத் தனியாக விற்கலாம். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டெண்டைவிட ஓரங்குலமாவது உள்ளடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையிலிருந்து வழியும் நீரை வாங்கி டெண்டுக்கு அடியில் அனுப்பும். 'தரை ஒழுகுகிறது' என்று வரும் புகார்களில் இதையும் விசாரியுங்கள். காய்ந்த ஓடைப் படுகையில் டெண்ட் போட வேண்டாம் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேலே எங்கோ பெய்யும் மழைக்கு அதில் வெள்ளம் வரும்.

இன்னொரு எச்சரிக்கையை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். மழையும் குளிருமாக இருக்கும்போது கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டெண்டுக்குள் வைத்துக் குளிர்காயத் தோன்றும். நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். தணல் அணைந்ததுபோல் தெரியும் கரியும் அதை வெளியிடும். அடுப்பும் டெண்டும் ஒரே பில்லில் போகும்போது இதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

திரும்பி வந்த டெண்டை அப்படியே குடோனில் போடாதீர்கள். ஈரமாகச் சுருட்டி வைத்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். எஃகுக் கம்பி துருவேறும். நாட்பட்டால் துணியின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். அதன் பிறகு எந்த எண்ணும் நிற்காது. வாடகைக்கு விடுகிறவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது அதன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. ஆகவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும் இதே கணக்கில் சேரும். 'எந்த மழைக்கும் தாங்கும்' என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட, கூரை எண், தரை எண், இரட்டைத் துணியா ஒற்றைத் துணியா என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. கூடவே, ஊருக்குப் போகுமுன் மொட்டை மாடியில் ஒரு முறை விரித்து மடித்துப் பழகச் சொல்லுங்கள். வீசி விரிக்கும் டெண்டில் விரிப்பதைவிட மடிப்பதுதான் கஷ்டம்; கம்பி முறிவது பெரும்பாலும் அப்போதுதான்.