மின்சாரம் வேண்டாத வானொலி

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. லயத்துக் காம்பராவில் மின்சாரம் கிடையாது. குப்பி விளக்கு ஒன்றே வெளிச்சம். ஒருநாள் மாலை அவ்விளக்கின் அருகிலமர்ந்து, பழைய தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றின்மீது செம்புக் கம்பிச் சுருளைப் பொருத்திக்கொண்டிருந்தார் என் சித்தப்பா. கூரைக்கு மேலே மரத்துக்கு மரம் நீண்ட கம்பி ஒன்று கட்டியிருந்தார். வேலை முடிந்ததும், பழுதடைந்த தொலைபேசியிலிருந்து கழற்றிய செவிக்கருவியை என் அப்பாயியின் காதில் வைத்தார். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மெல்லிய குரலில் கேட்டது.

அப்பாயி பெட்டியின் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். "ஏன்டா, கரண்டு இல்ல, பேட்டரி இல்ல. எதத் தின்னுட்டு இது பேசுது?" என்றாள்.

"அது அப்படித்தான் ஆத்தா" என்றார் சித்தப்பா. செய்யத் தெரிந்த அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியே பிற்காலத்தில் என்னைப் பௌதிகம் கற்கத் தூண்டிற்று எனலாம்.

விடை மிகவும் எளியது. ஒலிபரப்பு நிலையத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை, நம் கூரைமேற் கம்பியைத் தொடும்போது அதில் மிக நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த நிலையத்தின் சக்தியில் ஓர் அணுவளவே இப்பெட்டியின் உணவு. கம்பிச் சுருளும் கொண்டென்சரும் சேர்ந்து, பல அலைகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கின்றன. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு இசையத் தள்ளினால்தானே அது உயர்ந்து ஆடும்? அதுபோலவே இதுவும். பின்னர் ஒரு படிகம், ஒருவழிக் கதவைப் போல மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிறது. அதனால் அலையில் மறைந்துள்ள குரல் பிரிந்து, செவிக்கருவியின் மெல்லிய தகட்டை அதிரச் செய்கிறது.

இந்தப் படிக விந்தைக்கு முன்னோடி நம் பக்கத்தவரே. வங்காளத்து விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைப் பயன்படுத்தும் கருவிக்கு 1901ஆம் ஆண்டு விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில், பதுங்கு குழிகளிலிருந்த வீரர்கள் சவர அலகையும் பென்சில் கரியையும் கொண்டே இத்தகைய வானொலிகளைச் செய்து பாட்டுக் கேட்டனர்.

நம் நாட்டு ஒலிபரப்பின் பிறப்பும் இத்தகையதே. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு அஞ்சற் கருவியை அமைத்து, 1923இல் கொழும்பில் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். ஆர்வலர்களைத் திரட்டி வானொலிக் கழகம் ஒன்றையும் அமைத்தார். 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. பின்னர் கடல்கடந்து தமிழகமெங்கும் எஸ். பி. மயில்வாகனம் போன்றோரின் குரலைக் கொண்டுசென்ற இலங்கை வானொலியும், ஆதியில் கிடைத்ததைக் கொண்டு கையால் செய்த குழந்தைதான்.

தோட்டத்து மக்களுக்கோ வானொலி எளிதில் எட்டவில்லை. மின்சாரமில்லாத இடங்களுக்கென வந்த வால்வு வானொலிகளுள் பல 90 வோல்ட் மின்கல அடுக்கை வேண்டின. சாதாரண உலர்மின்கலங்கள் 60 சேர்ந்தால்தான் அவ்வளவு வரும்! நாட்கூலிக்காரர் எவ்வாறு வாங்குவர்? இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஹற்றனை அடுத்த மலையாறுகளின் நீரால் 1950ஆம் ஆண்டு லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கொழும்புக்கு ஒளியூட்டியது. அது பிறந்த மலையிலோ, பல லயங்கள் பல்லாண்டுகள் இருளிலேயே கிடந்தன. மின்சாரம் வேண்டாத வானொலி எங்களுக்கு ஏன் அருமையாயிற்று என்பது இப்போது விளங்குமல்லவா?

மாணவர்களே, இதை நீங்களும் செய்யலாம். இரண்டரை அங்குல விட்டமுள்ள அட்டைக் குழாயில், எனாமல் பூசிய அரை மில்லிமீற்றர் செம்புக் கம்பியை நெருக்கமாக 60 சுற்றுகள் சுற்றுங்கள். அதனுடன் 365 பிக்கோஃபரட் அளவுள்ள மாறும் கொண்டென்சரை இணைத்தால் மத்திய அலை அகப்படும். படிகத்துக்குப் பதிலாக ஜெர்மானியம் டயோட் போதும். சாதாரண சிலிக்கன் டயோட் உதவாது. அதைத் திறக்க வேண்டிய மின்னழுத்தம் அதிகம். கைபேசியின் செவிக்கருவியும் நேரே பேசாது. சில ஆயிரம் ஓம் தடையுள்ள பழைய செவிக்கருவியோ, படிகச் செவிக்கருவியோ வேண்டும். அறுபது முதல் நூறு அடி நீளமான கம்பி வானில். ஈர மண்ணில் அடித்த இரும்புக் கோல் நிலத்தில். பெட்டியைப் பழங்காலத்து மரப்பெட்டி போலச் செய்து மெருகிட்டால் வீட்டுக்கும் அழகு.

சில எச்சரிக்கைகள் அவசியம். வான்கம்பியை மின்கம்பிகளின் அருகே ஒருபோதும் கட்டலாகாது. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மலைநாட்டில் இடி மின்னல் மிகுதி. வானம் இருளுமுன்பே கம்பியைக் கழற்றிவிடுங்கள். பழைய வால்வு வானொலியின் உள்ளே உயிர்குடிக்கும் மின்னழுத்தம் உண்டு. தேர்ந்தவர் துணையின்றித் திறக்கலாகாது. கேட்பதோடு நில்லாமல் பேசவும் விரும்புவோர், தேர்வெழுதி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். இலங்கை அமெச்சூர் வானொலியாளரின் அழைப்புக் குறி 4எஸ் என்று தொடங்கும்.

பண்பலை பெருகி, மத்திய அலை நிலையங்கள் அருகிவிட்ட இக்காலத்தில் பொறுமையும் வேண்டும். பகலில் மௌனமாயிருக்கும் பெட்டி இரவில் பேசக்கூடும். சூரியன் மறைந்தபின் வானத்து அயனி மண்டலம் தொலைதூர அலைகளைத் திருப்பி அனுப்புவதே காரணம்.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன், "சேர், எனக்கு விஞ்ஞானம் வராது" என்று சோர்ந்திருந்தான். உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் மலையகத்தில் சிலவே. அவற்றை எட்டுமுன்னரே மனத்தளவில் விலகிவிடும் பிள்ளைகள் பலர். அவன் கையில் கம்பியையும் டயோட்டையும் கொடுத்தேன். மூன்று இரவுகள் பெட்டி வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் தூக்கிக்கொண்டு வந்தான். நான் குறையைச் சொல்லவில்லை. "ஒவ்வோர் இணைப்பாகப் பார்" என்றேன். ஒரு மணி நேரம் பார்த்தபின், கம்பி முனையிலிருந்த எனாமலைச் சுரண்டாமல் முறுக்கியிருந்ததைத் தானே கண்டுபிடித்தான். மின்சாரம் புக வழியே இல்லை!

அன்றிரவு கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தமிழ்ப் பாட்டு வந்ததாம். நாளெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த அவன் தாய் காதில் வைத்துக் கேட்டாள். பின்னர் அவளும் கேட்டாளாம்: "பேட்டரி எங்கடா?"

"பேட்டரி வேணாம்மா. பாட்டு வர்ற அலையிலயே அதுக்குத் தேவையான சக்தியும் வருது" என்று படம் வரைந்து விளக்கியிருக்கிறான் பையன்.

மறுநாள் அவன் இதைச் சொன்னபோது எனக்கு அப்பாயியின் நினைவு வந்தது. அவளுடைய கேள்விக்கு ஒரு லயத்துக் காம்பராவிலிருந்தே விடை கிடைத்துவிட்டது.