சேற்றுப்புண்

முகத்திற்குப் பவுடர், கூந்தலுக்கு எண்ணெய், கைக்கு மருதாணி என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஏதேனும் ஓர் உபசாரம் செய்கின்ற நாம், கால்விரல்களை மட்டும் மறந்தே போகிறோம். அவை அரிக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்த வகுப்பறையிலும் சற்றுக் குனிந்து பாருங்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு கால் இன்னொரு காலைத் தேய்த்துக் கொண்டிருக்கும். கேட்டால் "ஒன்றுமில்லை" என்று பதில் வரும். அந்த "ஒன்றுமில்லை"யைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

தேர்வாய் கண்டிகையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கால்களுக்கு இருவகைப் பிழைப்பு. ஒன்று வயல், மற்றொன்று சிப்காட் தொழிற்பூங்கா. நாற்று நடும் அம்மாவின் கால் பகலெல்லாம் சேற்றில் ஊறுகிறது. ஆலைக்குச் செல்லும் அண்ணனின் காலோ கனத்த பாதுகாப்புக் காலணிக்குள், தன் வியர்வையிலேயே ஊறுகிறது. மாலையில் வீடு திரும்பியதும் இருவரும் சொறிவது ஒரே இடத்தைத்தான்: சுண்டு விரலுக்கும் அதன் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள இடுக்கு! விரல்கள் மிக நெருக்கமாக ஒட்டியிருக்கும் இடம் அது. காற்றும் நுழையாது, வெயிலும் நுழையாது.

நமது இரு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் உள்ளனவாம். ஆனால் உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையா. ஆகவே நீர் தங்கினால் அதைத் தடுக்க எண்ணெய்ப் பசை இல்லை. தோலின் மேலடுக்கு ஊறி, வெளுத்து, பிட்டு நனைந்த துணிபோல் இளகிவிடுகிறது. அந்த இளகிய தோலில் பூஞ்சைக்காளான் குடியேறுகிறது. டிரைக்கோபைட்டான் என்னும் இனத்தைச் சேர்ந்த இக்காளானுக்கு உணவு நம் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம். உடம்பில் வட்டமாகப் படரும் படர்தாமரைக்கும் இதே குடும்பம்தான் காரணம். காளான் தோலை அரித்து வெடிப்பு உண்டாக்கியதும், பாக்டீரியாக் கிருமிகள் அந்த வாசல் வழியே உள்ளே வருகின்றன. துர்நாற்றம், எரிச்சல், சீழ், விரல் வீக்கம் எல்லாம் அப்போதுதான். வயல் சேற்றில் வரும் புண்ணில் ஈரமும் பாக்டீரியாவும் முந்திக்கொள்ளும். காலணிக்குள் வருவதில் காளான் முந்திக்கொள்ளும். தமிழில் இரண்டையுமே சேற்றுப்புண் என்றே சொல்கிறோம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

மேலைநாட்டார் இதற்கு விளையாட்டு வீரர் பாதம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஓடுபவருக்கு மட்டும் வருவது என்று நினைத்துவிட வேண்டாம். வெறுங்காலோடு உலர்ந்த தரையில் நடப்பவர்களிடம் இந்நோய் அரிது. காலணி பெருகப் பெருக இதுவும் பெருகியது. அதற்காகக் காலணியைத் தூக்கி எறிந்துவிட்டு நடக்கலாமா என்றால், கூடாது! வெறுங்காலுக்கு வேறொரு வினை காத்திருக்கிறது. மலம் கலந்த ஈரமண்ணில் நடந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோலைத் துளைத்து நுழையும். நுழைந்த இடத்தில் சிறு சிறு தடிப்புகளும் கடும் அரிப்பும் தோன்றிச் சில நாட்களில் மறையும். அரிப்பு மறைந்ததும் நாம் மறந்துவிடுவோம். புழுவோ குடலில் அமர்ந்து இரத்தம் குடித்துக் கொண்டிருக்கும். பெண்பிள்ளைகளின் இரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளில் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையை, சுவை பிடிக்கவில்லை என்று கைக்குட்டையில் மறைக்கும் தோழிகள் இதைக் கவனிக்கவும்.

அரிக்கின்ற விரல் எல்லாம் சேற்றுப்புண்ணும் அல்ல. புதிய காலணி வாங்கிய சில நாட்களில், விரல்களின் மேற்புறத்தில் இரு காலிலும் ஒன்றுபோல் சிவந்து அரித்தால், காலணியின் ரப்பரிலோ பதனிட்ட தோலிலோ உள்ள இரசாயனம் ஒவ்வாமல் போயிருக்கலாம். இரவில் அரிப்பு மிகுந்து, கைவிரல் இடுக்கிலும் இருந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்கு. உதகையிலும் கொடைக்கானலிலும் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு இன்னொன்று வரும். ஈரக்குளிரில் விறைத்த விரல்கள் சில மணி நேரம் கழித்துச் செந்நீலமாகத் தடித்து, அரித்து எரியும். குளிர்ந்த காலைச் சட்டென்று நெருப்பருகே நீட்டினால் அது மோசமாகும். கம்பளிக் காலுறை அணிந்து மெல்லச் சூடேற்ற வேண்டும். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது பல நாடுகளில் இளவயதினரின் கால்விரல்களில் இதே தோற்றம் காணப்பட்டு, மருத்துவ உலகில் பெரும் விவாதமே நடந்தது. நம் திருவள்ளூர்ச் சமவெளிக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

சேற்றுப்புண்ணுக்கு மருந்து எளிது, பொறுமைதான் அரிது. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினாஃபின் ஆகிய காளான்கொல்லிக் களிம்புகளுள் மருத்துவர் சொல்வதைச் சுத்தமாகக் கழுவித் துடைத்த இடத்தில் மெல்லிதாகத் தடவ வேண்டும். நூறாண்டுகளுக்கும் மேலாக வழக்கிலுள்ள விட்ஃபீல்டு களிம்பும் இருக்கிறது. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த அது மலிவானது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆனால் வெடித்துக் கசியும் புண்ணில் போட்டால் எரியும். மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிடும். பெரும்பாலோர் அன்றே குழாயை மூடி வைத்துவிடுகிறார்கள்! கண்ணுக்குத் தெரியாத காளான் உள்ளே இருக்கிறது. எத்தனை வாரம் என்று சொல்லப்பட்டதோ அத்தனை வாரமும் தடவவேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது நம்மிடையே பெருவழக்கம். அவ்வாறு கிடைப்பவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. தடவியதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும். அடியில் காளான் தடையின்றி வளரும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு எதிராக இந்திய அரசு 2018இல் விதியைத் திருத்தியும் பழக்கம் ஓயவில்லை. இந்தியாவில் இன்று படர்தாமரை எளிதில் அடங்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் வருந்துகின்றனர். டெர்பினாஃபினுக்கும் அசையாத ஒருவகைக் காளானுக்கு, 2020இல் இந்தியாவின் பெயரையே ஒட்டி டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்துவிட்டார்கள். நமக்குப் பெருமை தரும் பெயர் அல்ல.

பாட்டி அரைத்துப் பூசும் மருதாணியை நாங்கள் இகழமாட்டோம். அதிலுள்ள சாயப்பொருள் காளானின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டிருக்கிறது. ஆயினும் தோல் உரிந்து நீர் வடியும் புண்ணில் எதையும் அரைத்து அப்பாமல் இருப்பது நலம். கடையில் விற்கும் கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு. அது வைத்தியமன்று, தீக்காயம்.

மருந்தினும் முந்தியது துடைப்பது. பெரிய வியாழனன்று நம் ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்கை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2016இல் திருத்தந்தை பிரான்சிசு விதியை மாற்றிய பின் பெண்களின் பாதங்களும் அதில் இடம் பெறுகின்றன. குருவானவர் நீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. துண்டை எடுத்து ஒற்றித் துடைக்கிறார். நாமோ வீட்டில் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் தனித்துண்டால் துடைக்க அரை நிமிடம் ஆகுமா? நனைந்த காலுறையை மாலை வரை அணிந்திருக்கும் மாணவியர், மழைக்காலத்தில் பையில் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். முதல் உலகப்போரில் நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களின் கால்கள் வீங்கி மரத்து அழுகியபோது, காலுறையை மாற்றுவதும் பாதத்தைச் சோதிப்பதும் படை ஒழுங்காகவே ஆயிற்று. பள்ளிக் காலணியை நாள்தோறும் வெயிலில் காயவைப்பது அதைவிட எளிது. ஆலைக்குச் செல்லும் அண்ணனுக்கும் இரண்டு ஜோடி காலணி இருந்து மாற்றி மாற்றி அணிந்தால் ஈரம் உலர நேரம் கிடைக்கும்.

எப்போது அஞ்ச வேண்டும்? வீக்கம் விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறினால், சிவப்பும் சூடும் பரவினால், தொடை இடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும். நீரிழிவு உள்ள தாத்தா பாட்டியர்க்கு இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவும் கூடாது. அவர்களுக்கு வலி தெரியாமலே புண் ஆழமாகும். உணர்ச்சியற்ற காலும் கையும் எவ்வாறு சிதைகின்றன என்பதை, கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளர்களிடையே ஆராய்ந்தார். விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டு அழிகின்றன என்று அவர் காட்டினார். அந்தப் பாடம் நீரிழிவுக்காரருக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே வீட்டில் கண் நன்றாகத் தெரியும் பேத்தி யாரோ, அவள் இரவில் ஒருமுறை பாட்டியின் கால் இடுக்குகளைப் பார்க்கட்டும்.

யானைக்கால் உள்ளவர்களுக்கும் இவ்விடுக்குகளே முக்கியம். அந்நோயைக் கொண்டுவருவது கொசு. ஆனால் வீங்கிய காலில் அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலுக்கும் வலிக்கும் பெரும்பாலும் விரலிடுக்கு வெடிப்பில் நுழையும் பாக்டீரியாவே காரணம். நாள்தோறும் சோப்பு போட்டுக் கழுவி, இடுக்குகளைத் துடைத்து, களிம்பிட்டு, இரவில் காலை உயர்த்தி வைத்தால் அத்தாக்குதல்கள் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு தாக்குதலும் வீக்கத்தைக் கூட்டும். பல நாள் கூலியையும் கொண்டுபோகும்.

காளான் நகத்துக்குள் புகுந்துவிட்டால் மட்டும் கதை நீளும். நகம் மஞ்சளாகித் தடித்து நொறுங்கும். பெரும்பாலும் களிம்பு மட்டும் போதாது, மருத்துவர் மாத்திரை தருவார். கால் கட்டைவிரல் நகம் அடியிலிருந்து முழுதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை சாயம் பூசி அதை மறைக்காமல், மருத்துவர் பார்க்கும்படி விட்டுவையுங்கள்.