50 வயதில் திரும்பி வந்த பலம்!

அமெரிக்காவில் டல்லாஸ் என்று ஒரு நகரம். ஜனாதிபதி கென்னடி 1963-ல் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அதே ஊர்தான்.

அங்கே 1966-ம் ஆண்டில் 5 வாலிபர்கள் கட்டிலில் படுத்தார்கள். 20 வயதுப் பிள்ளைகள். நோய் நொடி எதுவும் கிடையாது. ஆனாலும் 3 வாரம் படுத்தே கிடக்க வேண்டும், எழுந்து நடக்கக் கூடாது என்பது டாக்டர்களின் கட்டளை!

ஏன் இந்தக் கூத்து? அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடுவார்கள். படுத்தே கிடந்தால் உடம்பு என்ன ஆகும் என்று டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்தச் சோதனை. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெங்ட் சால்டின் இதில் முக்கியமானவர்.

3 வாரம் முடிந்தது. பையன்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். உழைக்கும் சக்தியில் கால் பங்கு போய்விட்டது!

பிறகு 8 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். போன சக்தி திரும்பியது. முன்பு இருந்ததைவிட அதிகமாகவே வந்தது. பையன்கள் வீட்டுக்குப் போனார்கள்.

தொந்தி வந்தது

30 ஆண்டுகள் ஓடின. 1996-ல் அதே 5 பேரையும் மறுபடி கூப்பிட்டார்கள். இப்போது அவர்களுக்கு 50 வயது.

அன்று அவர்களுடைய சராசரி எடை 77 கிலோ. இப்போது 100 கிலோ! அன்று உடம்பில் இருந்த கொழுப்பு 100-க்கு 14 பங்கு. இப்போது 28 பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 கிலோவாக இருந்த கொழுப்பு 28 கிலோ ஆகிவிட்டது.

நமக்கு இது புதிய கதை அல்ல. வீட்டுச் சுவரில் தொங்கும் கல்யாணப் போட்டோவைப் பாருங்கள். பிறகு கண்ணாடியைப் பாருங்கள். அந்தப் போட்டோவில் இருப்பது யார் என்று பிள்ளைகள் கேட்டால், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சிரிப்பு வரும். கொஞ்சம் வெட்கமும் வரும். இதை எழுதும் எனக்கு வயது 36. பெல்ட்டில் இப்போதே புதிதாக ஒரு துளை போட்டாகிவிட்டது.

அந்த 5 பேரையும் மறுபடி ஓடவிட்டுச் சோதித்தார்கள். அப்போதுதான் அந்த அதிசயம் தெரிந்தது. 20 வயதில் 3 வாரம் படுத்ததால் எவ்வளவு சக்தி போயிற்றோ, அவ்வளவு சக்தி இந்த 30 ஆண்டுகளில்கூடப் போகவில்லை!

6 மாதம்

மறுபடியும் பயிற்சி ஆரம்பமாயிற்று. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நடை, மெதுவான ஓட்டம், ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிப்பது. அவ்வளவுதான். முதலில் கொஞ்ச நேரம். பிறகு மெல்ல மெல்லக் கூட்டினார்கள். 6 மாதம் முடியும்போது வாரத்துக்கு நாலரை மணி நேரம் வரை வந்துவிட்டது.

முடிவு என்ன? 30 ஆண்டுகளில் குறைந்த சக்தி முழுவதும் திரும்பிவிட்டது. 20 வயதில், படுப்பதற்கு முன்னால் இருந்த அளவுக்கு வந்துவிட்டார்கள்!

எடை? அதுதான் வேடிக்கை. சராசரியாக நாலரை கிலோதான் குறைந்தது. வாலிபத்தின் பலம் வந்தது. வாலிபத்தின் இடுப்பு வரவில்லை.

இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரு மாதம் நடக்கிறோம். கண்ணாடி முன்னால் நிற்கிறோம். தொந்தி அப்படியே இருக்கிறது. இனி இந்த உடம்பு தேறாது என்று நடையை நிறுத்திவிடுகிறோம். உள்ளே நடக்கிற காரியம் கண்ணாடியில் தெரிவதில்லை. அந்த 5 பேருக்கும் 50 வயதில் இதயம் ரத்தத்தை இறைக்கும் சக்தி குறையவில்லை. ரத்தத்திலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் வேலையில் தசைகள்தான் சோம்பிப் போயிருந்தன. பயிற்சி அந்தச் சோம்பலை உடைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. சோதனையில் இருந்தது ஐந்தே பேர். எல்லோரும் ஆண்கள். வீட்டு வேலையும் பார்த்து, பிள்ளைகளையும் பெற்ற ஒரு பெண்ணையும் சேர்த்திருக்கலாம்.

எப்படித் தொடங்குவது?

தொந்தியை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தம் அல்ல. இந்தியர்களில் ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் ஆபத்து என்பது டாக்டர்களின் கணக்கு. சர்க்கரை நோயும் இதய நோயும் அந்த வழியாகத்தான் எட்டிப் பார்க்கின்றன.

தினம் அரை மணி நேரம், வாரத்தில் 5 நாள் வேகமாக நடந்தால் போதும். எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அரை மணி முடியாவிட்டால் 10 நிமிடத்தில் தொடங்கலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நின்றுவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டல்லாஸ் கதை இன்னும் முடியவில்லை. அந்த 5 பேரையும் 60 வயதில் மீண்டும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். முடிவு 2009-ல் வெளிவந்தது. இப்போது 40 ஆண்டுகளின் நஷ்டம் கணக்கில் இருந்தது. 20 வயதில் 3 வாரம் கட்டிலில் படுத்ததால் வந்த நஷ்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன!