கையில் அடங்கும் சரக்கு வேகன்

பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பொம்மை ரயில் சில நாட்களிலேயே மூலைக்குப் போய்விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால், பிரிட்டனில் பெரியவர்களே ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் உருவாக்கி ஓட்டும் மாதிரி ரயில்கள் உண்டு. அவற்றின் சரக்கு வேகன்களைப் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியிலிட்டு விற்கின்றனர். அவற்றை ஒட்டி முடிப்பது ஒரு மாலை நேரத்து வேலை. நேர்த்தியாகச் செய்வதோ தனிக் கலை.

அங்கு பரவலாக வழங்கும் அளவில் உண்மையான 1 அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர் ஆகும். பிரிட்டிஷ் ரயில்வேயில் 1950களில் எங்கும் காணப்பட்ட 16 டன் நிலக்கரி வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறரை அடி நீளமுள்ள அவ்வண்டி, மாதிரியில் 66 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

முதலில் துண்டுகளின் ஓரங்களிலுள்ள பிசிறுகளைக் கத்தியாலும் சிறு அரத்தாலும் நீக்க வேண்டும். அடுத்து, பக்கச் சுவர்களைக் கவனியுங்கள். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் சுவர், உண்மையான வண்டியின் கணக்கில் 3 அங்குலத் தடிமனாகும். மெல்லிய இரும்புத் தகட்டுக்கு இது பொருந்துமா? எனவேதான் தேர்ந்தவர்கள் மேல் விளிம்பை உட்புறமாகச் சரிவாய்த் தேய்த்து, கண்ணுக்கு மெல்லியதாகத் தோன்றச் செய்கின்றனர்.

இவை வெளியழகுக்கானவை. வண்டி ஓடுமா, கவிழுமா என்பதைத் தீர்மானிப்பது, எவர் கண்ணிலும் படாத அடிச்சட்டமே. ஒட்டும் திரவம் பிளாஸ்டிக்கை இளக்கிப் பிணைப்பது. காய்ந்தபின் திருத்துவது கடினம். ஆகவே, அது இறுகுமுன் வேகனைச் சக்கரங்களுடன் ஒரு கண்ணாடித் தகட்டின்மீது வையுங்கள். ஒரு மூலையை விரலால் மெல்ல அழுத்தும்போது வண்டி ஆடினால், சட்டம் முறுக்கிக்கொண்டுள்ளது என்று பொருள். அப்போதே நேராக்கிவிட வேண்டும். சிலர் ஓர் அச்சை அசையாமல் பொருத்தி, மற்றதைச் சற்றே ஆடும்படி விடுவர். மேடுபள்ளமான தண்டவாளத்திலும் நான்கு சக்கரங்களும் அப்போது பதிந்து ஓடும்.

அச்சின் இரு முனைகளும் ஊசிபோல் கூரானவை. அவை அமரும் குழிகளில் சிறு பித்தளைக் கிண்ணங்களைப் பதித்தால் பிளாஸ்டிக் தேயாது. சக்கரம் இலகுவாகச் சுழலும். பிரேக் கட்டைகள் சக்கர விளிம்புக்கு நேராக, ஆனால் அதைத் தொடாமல் நிற்க வேண்டும்.

வெறும் பிளாஸ்டிக் வண்டி எடை குறைந்தது. வளைவில் எளிதில் தடம்புரளும். ஆகவே, தளத்தின் அடியில் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டி, மொத்த எடையை ஏறத்தாழ 50 கிராமாக உயர்த்துவது வழக்கம். ஈயம் நச்சுத்தன்மை உடையது. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அதைத் தவிர்ப்பதே நன்று. ஒட்டும் திரவத்தின் ஆவியும் கேடு தருவதாகையால், சாளரங்களைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். கத்தி பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

இறுதியாக வண்ணம். சாம்பல் நிறச் சுவரில் ஆங்காங்கே துருவின் செம்மையும், உட்புறத்தில் கரித்தூளின் கருமையும் மெல்லப் படரட்டும். பக்கச் சுவரில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு வரும். நிலக்கரியைக் கொட்டும் கதவு எந்த முனையில் உள்ளது என்று பணியாளருக்கு அறிவித்த அடையாளம் அது. அதை மாற்றித் தீட்டினால் விவரம் அறிந்தவர் உடனே கண்டுகொள்வார்.

இருபது வேகன்கள் கொண்ட தொடரில் ஒன்று தடம்புரண்டாலும் போதும், மற்றவையும் நின்றுவிடும். அந்த ஒன்று நம் கையால் ஆனதாக இருக்கலாகாது என்னும் கவனத்தோடு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, முதல் வேகனைத் தொடங்குங்கள்.