மூச்சோடு நகரும் கட்டி: கதிர்வீச்சுச் சிகிச்சையில் உங்கள் பங்கு

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருவோரிடம் நாங்கள் நாள்தோறும் கூறுவது, “அசையாமல் படுத்திருங்கள்” என்பதாகும். ஆயினும், எவ்வளவு அசையாமல் படுத்திருந்தாலும் உடலினுள் அசைவு நிற்பதில்லை. மூச்சு விடும்போது நுரையீரலும் கல்லீரலும் மேலும் கீழும் நகர்கின்றன. நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள கட்டி, சிலருக்கு ஒவ்வொரு மூச்சிலும் 1 முதல் 2 செ.மீ. வரை இடம் மாறும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும் அளவுக்கு ஏற்பக் கருப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் இடம் பெயரும்.

இது ஏன் முக்கியம்?

கட்டி கதிரின் எல்லையைத் தாண்டி நகர்ந்தால் அதற்கு உரிய அளவு மருத்துவம் கிடைக்காது. அதற்காக எல்லையை அகலப்படுத்தினால் அருகிலுள்ள நல்ல உறுப்புகள் வீணாகக் கதிரை ஏற்கும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் கோபால்ட் கருவி நிறுவப்பட்ட 1950களில், எக்ஸ்ரே படங்களைக் கொண்டே இலக்கு குறிக்கப்பட்டது. ஆகவே எல்லையை அகலமாக வைக்க வேண்டியிருந்தது. இன்று அசைவை அளந்து, தேவையான அளவுக்கு மட்டும் எல்லை வகுக்க முடிகிறது.

திட்டமிடும் நாளில்

மார்பு, மேல்வயிற்றுக் கட்டிகளுக்கு, மூச்சின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே காட்டும் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. கட்டியின் அசைவு 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஆராயலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006இல் பரிந்துரைத்தது. மேல்வயிற்றை மெல்ல அழுத்தும் பட்டை, மூச்சின் குறிப்பிட்ட நிலையில் மட்டும் கதிரைச் செலுத்துதல் ஆகியவை அவ்வழிகளுள் சில.

இடப்பக்க மார்பகப் புற்றுநோய்க்கு, மூச்சை ஆழமாக இழுத்துச் சுமார் 20 விநாடி நிறுத்தும் முறை உண்டு. அப்போது நுரையீரல் விரிந்து, இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகுகிறது. இதற்கு முன்கூட்டியே பயிற்சி அளிக்கிறோம். எல்லோராலும் இவ்வாறு மூச்சை நிறுத்த இயலாது. இயலாதவர்களுக்கு வேறு வழியில் திட்டமிடுவோம். ஆகவே இதைக் குறித்து அஞ்ச வேண்டாம்.

தலை, கழுத்துப் பகுதிக்குச் சூடான நீரில் இளகும் வலைமுகமூடி முகத்தின் அளவுக்கே செய்யப்படும். அதன் துளைகள் வழியே இயல்பாக மூச்சு விடலாம்.

வீட்டிலும் வழியிலும் கவனிக்க வேண்டியவை

• தோலில் இட்ட குறிகளை அழிக்க வேண்டாம். சிகிச்சை முடியும் வரை எண்ணெய்க் குளியலைத் தவிர்க்கவும். குறி மங்கினால் நீங்களாகவே வரையாமல் எங்களிடம் கூறவும்.

• சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று கூறப்பட்டவர்கள், சொன்ன அளவு நீரைச் சொன்ன நேரத்தில் அருந்த வேண்டும். தேவகோட்டை, திருப்பத்தூர் போன்ற ஊர்களிலிருந்து பேருந்தில் வருவோர் வீட்டிலேயே அருந்திவிட்டுப் புறப்பட்டால் வழியில் அவதியுறுவர். இங்கு வந்தபின் அருந்துவதே நன்று.

• மலச்சிக்கல் இருந்தால் மறைக்காமல் தெரிவிக்கவும். மலக்குடல் நிறைந்திருப்பதும் கட்டியின் இடத்தை மாற்றும்.

• வாய், தொண்டைப் புற்றுநோயாளிகள் உணவு குறைந்து மெலிந்தால் முகமூடி தளர்ந்துவிடும். இதை முதலில் உணர்பவர் உடனிருந்து கவனிப்பவரே. உடல் எடை குறைவதைக் கண்டால் உடனே கூறுங்கள்; தேவையெனில் புதிய முகமூடி செய்து, திட்டத்தையும் மாற்றுவோம்.

• சிகிச்சையின் நடுவே இருமல் வந்தால் அடக்கி வருந்த வேண்டாம், கையை உயர்த்துங்கள். கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கருவியை உடனே நிறுத்தி உள்ளே வருவோம். நிறுத்திய இடத்திலிருந்தே சிகிச்சையைத் தொடரலாம்.

சிகிச்சை பல வாரங்கள் நீளலாம். திட்டமிட்ட நாளில் உடல் இருந்த நிலையிலேயே ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். அந்நிலையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அன்றைய சிகிச்சைக்கு முன்பே எங்களிடம் கூறுங்கள்.